மலை டவுனுக்கு பெக்டரி ஏன் வரல? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா முக்கால்வாசி ஒரே விஷயந்தான். இலங்கை மலையகத்துல நம்ம டவுன் பக்கம் தொழிற்சாலை ஏன் வரல, வந்தா நம்ம புள்ளைங்களுக்கு என்ன கிடைக்கும், யார் கொண்டு வரணும்னு. அதால மத்த கேள்விங்கள அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன். பேர் போட வேணாம்னு நெறய பேர் கேட்டிருக்கீங்க, ஊர் மட்டும் போடுறேன்.

ஹட்டன், இளைஞர் ஒருத்தர்:
அண்ணே, ஒவ்வொரு எலக்சனுக்கும் பெக்டரி கொண்டு வாறோம்னு சொல்றாங்க. ஆளுங்க இருக்கோம், ஏஎல் (உயர்தரம்) படிச்சவங்க இருக்கோம், தண்ணி இருக்கு, கரண்ட் நம்ம லக்சபானவுல இருந்துதான் போகுது. அப்புறம் என்னதான் குறை? வேணும்னே நம்மள ஒதுக்குறாங்களா?

பதில்:
தம்பி, ஒதுக்குனாங்களான்னு கேட்டா ஆமா ஒதுக்குனாங்க, அத மூடி மறைக்க ஒன்னுமில்ல. 1948-ல மலையகத் தமிழரோட பிரஜாவுரிமைய பறிச்சதுல தொடங்கி எவ்வளவோ இருக்கு, பிரதேச சபைச் சட்டத்தோட 33-ஆம் பிரிவ 2018-ல திருத்துற வரைக்கும் சபைக் காசுல தோட்டத்து ரோட்டுக்கு கல்லு போடக்கூட சட்டம் குறுக்க நின்னுச்சு. அந்தப் பாக்கி இன்னைக்கும் ரோட்டுல, ஸ்கூல்ல, தண்ணிக் குழாய்ல தெரியுது. ஆனா பெக்டரி போடுற முதலாளி வேற ஆளு, அவர் கணக்குக் கொப்பியோட வாறவர், அந்தக் கொப்பியில நம்ம ஊரு எந்தெந்த வரியில அடிபடுதுன்னு தெரிஞ்சாத்தான் நாம யாருகிட்ட என்ன கேக்கணும்னு நமக்கே வெளங்கும்.

மொதல்ல நெலம். ஒரு நடுத்தர கார்மண்ட் பெக்டரிக்கே ஒரே துண்டா ரெண்டு மூனு ஏக்கர் சமதரை வேணும். கட்டடம், லொறி திரும்ப இடம், பஸ் நிறுத்த இடம், கழிவுத் தண்ணிய சுத்திகரிக்க இடம் எல்லாம் சேர்த்து. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உசரத்துல இருக்கு, கொஞ்சம் சமமா கிடந்த இடத்துல எல்லாம் ஏற்கனவே கடைத்தெரு, ஸ்டேசன், ஸ்கூல் கிரவுண்ட், தேயிலை பெக்டரி வந்துருச்சு. மலைய வெட்டி சமமாக்கலாந்தான், ஆனா அதுக்கு மொதல்ல தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு அனுமதி எடுக்கணும், அப்புறம் தாங்கு சுவர், வடிகான், மண்ணு அள்ளுற செலவு. சுவர் ஒன்னு எழும்புறதுக்கு முன்னாடியே பாதிக் காசு மண்ணுக்குள்ள போயிரும். 1978-ல கட்டுநாயக்கவுல மொத சுதந்திர வர்த்தக வலயம் வந்துச்சே, அங்க தரை சமம், பக்கத்துலயே ஏர்போர்ட், துறைமுகமும் கிட்ட. அந்த மாதிரி எடத்த பாத்துப் பழகுனவங்களத்தான் நாம மலைக்குக் கூப்பிடுறோம்.

நெலம் கண்டுபிடிச்சாலும் அது யாரோடது? 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டத்தால தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு, 1992-ல நிர்வாகத்த பிராந்திய பெருந்தோட்டக் கொம்பனிகள் கையில குடுத்து அப்புறம் 53 வருசக் குத்தகை ஆக்குனாங்க. ஆக டவுனச் சுத்தி இருக்கிற காணிக்கு சொந்தக்காரர் அரசாங்கம், வச்சிருக்கிறது கொம்பனி, தலைமுறையா அதுல வாழுறது நாம, நம்ம பேர்ல ஒரு துண்டுப் பேப்பர் இல்ல. தேயிலைய விட்டுட்டு வேற தொழிலுக்கு ரெண்டு ஏக்கர் எடுக்கணும்னா கொம்பனி சம்மதிக்கணும், அரசாங்கம் அனுமதிக்கணும், பைல் மேசை மேசையா ஏறி எறங்கணும். உறுதிப் பத்திரம் சரியா இல்லாத காணிய நம்பி எந்த பேங்கும் பெரிய லோன் குடுக்காது. என்னையக் கேட்டா ரோட்ட விட, கரண்ட விட இந்தக் காணிப் பிரச்சினைதான் நம்ம ஊரோட பெரிய முட்டுக்கட்டை, ஆனா மேடையில யாரும் இதப் பேச மாட்டாங்க, ஏன்னா பெக்டரி கொண்டு வாறேன்னு சொல்றது ஒரு வரி, காணிய சரிப்படுத்துறேன்னா அது பத்து வருச வேலை.

ரோட்டு உங்களுக்கே தெரியும். கொழும்புல இருந்து அவிசாவளை வழியா ஹட்டனுக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர்தான், ஆனா பஸ்ஸுக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல. கினிகத்தேனைப் பக்கம் மழைக்கு மண்ணு சரிஞ்சா அன்னைக்கு முழுக்க போச்சு. 40 அடி கொன்டெய்னர் அந்த வளைவுல திரும்புறத ஒரு தடவ பின்னால நின்னு பாருங்க, எதிர்ல வாற பஸ் நிக்கணும், அதுக்குப் பின்னால வாற த்ரீவீல் எல்லாம் ரிவேர்ஸ் எடுக்கணும். ஏத்துமதிச் சாமான் கப்பலத் தவறவிட்டா அத விமானத்துல அனுப்ப வேண்டி வரும், அந்தச் செலவு ஒரு ஓடரோட லாபத்தையே முழுங்கிரும். மத்திய அதிவேகப் பாதையில மீரிகம–குருநாகல் துண்டு 2022 ஜனவரியில திறந்தாங்க, கடவத்தை–மீரிகம துண்டு அந்த வருசப் பொருளாதார நெருக்கடியோட நின்னுபோய் 2025 செப்டெம்பர்லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. கண்டிக்கே இன்னும் வந்து சேரல, ஹட்டன் அந்த வரைபடத்துலயே இல்ல.

கரண்ட் விஷயத்துல உங்க கோவம் நியாயம். பழைய லக்சபான மின்நிலையம் 1950-ல இருந்து ஓடுது, தலவாக்கலையில மேல் கொத்மலை 150 மெகாவோட், 2012-ல தொடங்குனாங்க, அதுக்காக வீடு வாசல விட்டுட்டுப் போன குடும்பங்களும் இருக்கு. ஆனா கட்டணம் நாடு முழுக்க ஒன்னுதான். 2022 ஓகஸ்ட்ல சராசரியா 75 வீதம், 2023 பெப்ரவரியில 66 வீதம் ஏத்துனப்போ லக்சபானவுக்குப் பக்கத்து நோர்ட்டன் பிரிஜ்ல இருக்கிறவருக்கும் அதே ஏத்தந்தான். டேமுக்கு காணி குடுத்த பிரதேசத்துல தொழில் தொடங்குறவங்களுக்காவது குறைஞ்ச கட்டணம் குடுங்கன்னு கேக்கலாம், கேக்கணும், நம்ம எம்பிமார் இத சபையில விடாம கேட்டா நானும் சந்தோசப்படுவேன்.

நாவலப்பிட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் கிராமம் கிராமமாக கார்மண்ட் தொழிற்சாலை வந்ததே, இருநூறு தொழிற்சாலை என்று. அதே மாதிரி இப்போது ஏன் செய்ய முடியாது?

பதில்:
ஐயா, நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க, 1992-ல ஆரம்பிச்ச திட்டம் அது. அன்னைக்கு முதலாளிமார் மூலை முடுக்கெல்லாம் போனதுக்குப் பின்னால கோட்டா இருந்துச்சு. அந்தக் காலத்துல அமெரிக்கா, ஐரோப்பாவெல்லாம் எந்த நாட்டுல இருந்து எத்தன உடுப்பு எடுக்கலாம்னு ஒரு எல்லை போட்டிருந்தாங்க, அந்த எல்லைக்குள்ள யாருக்கு எவ்வளவுன்னு பங்கு பிரிக்கிற அதிகாரம் நம்ம அரசாங்கத்துக்கிட்ட இருந்துச்சு. கஷ்டப் பிரதேசத்துக்குப் போய் பெக்டரி போடுறியா, உனக்கு கோட்டாவுல கூடப் பங்கு. காசு மாதிரி பெறுமதி அதுக்கு, அதால ரோட்டு சரியில்லாட்டியும் போனாங்க.

2005 ஜனவரி 1-ஆம் திகதியோட உலகம் முழுக்க அந்தக் கோட்டா முறை முடிஞ்சுது. குடுக்கிறதுக்கு அரசாங்கத்துக்கிட்ட ஒன்னுமில்லாமப் போச்சு. தூரத்துல இருந்த பல பெக்டரி மூடுனாங்க, சிலத பெரிய கொம்பனிகள் எடுத்து நடத்துனாங்க, அதுல இன்னும் ஓடுறதும் இருக்கு, அந்தச் சம்பளத்துல தங்கச்சிமார கட்டிக் குடுத்த அக்காமார் எத்தனையோ பேர். அதனால திட்டத்தையே குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா சலுகைக்காக வந்த தொழில் சலுகை போனதும் ஆட்டம் காணும்ங்கிறத நாம அப்ப பார்த்தோம். அப்புறமும் பாத்தோம், 2010-ல ஐரோப்பாவோட ஜிஎஸ்பி பிளஸ்ங்கிற வரிச் சலுகை போச்சு, 2017-லதான் திரும்பக் கிடைச்சுது. 2025-ல அமெரிக்கா நம்ம சாமானுக்கு 44 வீதம் வரின்னு சொல்லி, 30 ஆக்கி, அந்த வருச ஓகஸ்ட்ல 20 வீதத்துக்கு எறக்குச்சு. இப்படி வெளிய ஒரு அடி விழுந்தா கொம்பனிக்காரங்க மொதல்ல கை வைக்கிறது துறைமுகத்துக்கு ரொம்பத் தூரத்துல, செலவு கூட இருக்கிற பெக்டரியில. அந்த எடத்துல நம்ம ஊரு நிக்கக் கூடாது.

பண்டாரவளை, வியாபாரி ஒருத்தர்:
பத்து வருசத்துக்கு வரி விலக்கு குடுத்தா வர மாட்டாங்களா?

பதில்:
வரிங்கிறது லாபத்துக்கு. 2022 ஒக்டோபர்ல இருந்து கம்பனி வருமான வரி 30 வீதம், அது பாரந்தான், நான் இல்லைங்கல. ஆனா மலையில செலவு வாறது லாபத்துக்கு முன்னாடி, தரை வெட்டுறதுல, தாங்கு சுவர்ல, லொறி வாடகையில. லாபமே வராத எடத்துல வரி விலக்கு குடுத்து என்ன பிரயோசனம்? அதோட நம்ம குடுக்கிற விலக்க முதலீட்டுச் சபை நாளைக்கு வேற எடத்துலயும் குடுக்கும், கண்டிப் பக்கம் பல்லேகலையில அவங்களோட வலயம் ஏற்கனவே இருக்கு. அப்ப ஒருத்தர் அதயும் தாண்டி மேல ஏறி வரணும்னா வேற காரணம் வேணும். அந்தக் காரணம் என்னன்னு அடுத்த ரெண்டு கேள்வியில சொல்றேன், இந்த இதழ்ல நான் முக்கியமா சொல்ல நினைக்கிறதே அதுதான்.

தலவாக்கலை, ஆசிரியை ஒருத்தர்:
உலகத்துக்கே தேயிலை நாம குடுக்கிறோம். ஆனா டீ பேக் செய்ற பெக்டரி, பக்கெட் பண்ற பெக்டரி எல்லாம் கொழும்பு, கம்பஹா பக்கம். என் மாணவர்கள் கேட்கிறார்கள், எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்:
டீச்சர், புள்ளைங்கள பக்கத்துல இருக்கிற தேயிலை பெக்டரிக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, பதில் அங்க தராசுலயே இருக்கு. காலையில கொழுந்து லொறி வந்து எறக்குது, மேல் மாடியில பரப்பி காத்தடிச்சு வாட்டுறாங்க, விடியிறதுக்குள்ள பாதி எடை ஆவியாப் போயிருது, அப்புறம் ரோலர், அப்புறம் சூட்டுல காய வைக்கிறது. ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து போனா ஒரு கிலோ தூள் வெளிய வருது. அந்த நாலரை கிலோவையும் கொழும்புக்கு ஏத்திக்கிட்டுப் போக எந்தப் பைத்தியக்காரனும் நினைக்க மாட்டான், போற வழியிலயே சூடேறி செவந்து கெட்டும் போகும். அதால கொழுந்தத் தூளாக்குற பெக்டரி மலையிலதான் இருந்தாகணும், வெள்ளைக்காரன் காலத்துலயும் இப்பவும் அத யாராலயும் கீழ கொண்டு போக முடியல.

இப்ப தூளுக்கு அப்புறம் நடக்கிறதப் பாருங்க. ஏலம் கொழும்புல, 1883-ல இருந்து, 2020-ல அது ஒன்லைனுக்கு மாறுனாலும் தேயிலை மூட்டை போய் நிக்கிற ஸ்டோர் அங்கதான். டீ பேக் கொம்பனிக்காரர் ஒரே தோட்டத்துத் தூள மட்டும் போடுறதில்ல, நுவரெலியா வாசனைக்கு, திம்புள்ள ருசிக்கு, ருகுணு நிறத்துக்குன்னு பல பிரதேசத்துத் தூள வாங்கிக் கலக்குறார், எல்லாத் தூளும் ஒன்னா வந்து சேர்ற எடம் கொழும்பு. அதுக்கு மேல பில்டர் பேப்பர், பெட்டி, உறை எல்லாம் சேர்ந்து எடை கூடுது, எடம் ரெண்டு மூனு மடங்கு அடைக்குது, சாமான் கடைசில கப்பல் ஏறுது. எடை கூடுற வேலைய துறைமுகத்துக்குப் பக்கத்துல செய்றதுதான் லாபம். யாரோ நமக்குச் செஞ்ச சூழ்ச்சின்னு புள்ளைங்களுக்கு சொல்ல வேணாம், இந்தக் கணக்கச் சொல்லிக் குடுங்க.

ஆனா அதே கணக்கு ஒரு கதவையும் திறக்குது. கலக்காத தேயிலை இருக்கே, இன்ன தோட்டம், இன்ன மலை, இன்ன மாசத்துக் கொழுந்துன்னு பேர் போட்டு விக்கிறது, கையால சுருட்டுன இலை, வெள்ளி முனை, இதெல்லாம் கொழும்புக்குப் போய் கலக்க வேண்டியதில்ல, பறிச்ச எடத்துலயே பக்கெட் பண்ணலாம். ஒரு கிலோவுக்கு கிடைக்கிற விலை கூட, எடை குறைவு, கூரியர்ல கூட அனுப்பலாம். பெரிய எண்ணிக்கையில வேலை தராதுதான். ஆனா பத்துப் பதினஞ்சு பேர் வேலை செய்ற எடம் ஒரு டவுனச் சுத்தி இருபது வந்தா அது ஒரு கார்மண்ட் பெக்டரிக்கு சமம், ஒன்னு மூடுனாலும் மத்தது நிக்கும். பதுளையில ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்த 2005-ல ஆரம்பிச்சதே நம்ம வளத்துக்கு பெறுமதி சேர்க்கிற படிப்புக்குன்னுதான், அங்க படிச்சு வெளிய வாற நம்ம புள்ளைங்க இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாக்கணும்.

வெலிமடை, மரக்கறித் தோட்டக்காரர்:
தம்பி, கரட் விலை விழுந்தா நாங்க தோட்டத்துலயே உழுது விடுறம். மரக்கறிய காய வைக்கிற, டின்ல அடைக்கிற பெக்டரி ஒன்னு வந்தா எங்களுக்கு விடிவு வருமா?

பதில்:
ஐயா, உங்க கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன். தேயிலைக்கு சொன்ன கணக்கு உங்க கரட்டுக்கும் அப்படியே பொருந்தும். கரட்ல பத்துல ஒம்பது பங்கு கிட்ட தண்ணிதான், பத்துக் கிலோ காய வச்சா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். அந்தத் தண்ணிய லொறியில ஏத்தி, டீசல் ஊத்தி, தம்புள்ளை மொத்தச் சந்தை வரைக்கும் கொண்டு போறோம், அங்க இருந்து சில நேரம் அதே மரக்கறி திரும்ப மலையேறி நம்ம டவுன் கடைக்கே வருது. கெப்பெட்டிப்பொலயில, நுவரெலியாவுல பொருளாதார மையம் இருந்தும் இந்த நிலைமை. மூட்டையில அமுக்கி, மேல இன்னொரு மூட்டை, அதுக்கு மேல ஆள் ஏறி உக்காந்து, எறக்கிறப்போ அடி மூட்டையில லீக்ஸ் பாதி நசுங்கிக் கிடக்கும். அறுவடைக்கு அப்புறம் நம்ம நாட்டு மரக்கறியில 30 முதல் 40 வீதம் வீணாப் போகுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க. எடை குறையிற, சீக்கிரம் கெட்டுப் போற சாமானுக்கு பெக்டரி மலையில இருக்கிறதுதான் முறை, இதுக்கு யார் கால்லயும் விழ வேண்டியதில்ல, கணக்கே நம்ம பக்கம் நிக்குது.

அப்ப ஏன் வரலன்னு கேப்பீங்க. பெக்டரிக்காரருக்கு வருசம் முழுக்க ஒரே அளவு, ஒரே தரம் வேணும், மெசின் மூனு மாசம் ஓடி ஒம்பது மாசம் சும்மா நின்னா பேங்க் வட்டி கட்ட முடியாது. நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னா விலை விழுந்தா எல்லாரும் பெக்டரி வாசல்ல நிப்போம், சந்தையில விலை ஏறுனா முன்பணம் வாங்குனவரும் லொறிக்காரருக்கு குடுத்துருவார். மனசு நோக வேணாம், கஷ்டத்துல இருக்கிறவர் கூட விலைக்கு விக்கிறது இயற்கை, பெக்டரிக்காரங்களும் விலை விழுந்த நேரம் தரம் சரியில்லன்னு மூட்டையத் திருப்பி அனுப்புற கதை எனக்கு எத்தனையோ தோட்டக்காரங்க எழுதியிருக்காங்க. ஒப்பந்தம் ரெண்டு பக்கமும் நிக்கணும்னா ஒரு அடிவிலை எழுதி வைக்கணும், சந்தை விலை அத விட மேல போனா அந்தக் கூடுதல்ல பாதி தோட்டக்காரருக்குன்னு எழுதணும், கையெழுத்து தனித்தனி ஆளா போடாம சங்கமா போடணும்.

இன்னொன்னு கழிவுத் தண்ணி. மரக்கறி கழுவுற, அவிக்கிற பெக்டரி ஒரு நாளைக்கு விடுற தண்ணி கொஞ்சநஞ்சமில்ல, நாம இருக்கிறது மகாவலி, களனி கங்கைகளோட தலைமாட்டுல, இங்க ஓடையில விடுறத கீழ இருக்கிற ஊர் எல்லாம் குடிக்கும். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்காம, சுத்திகரிப்பு தொட்டி கட்டாம தொடங்க விடவே கூடாது, வேலை வாய்ப்புன்னு சொல்லி இதுல விட்டுக் குடுக்கிறத நான் ஒருக்காலும் ஒத்துக்க மாட்டேன். சின்ன அளவுல காய வைக்கிறதுக்கு தண்ணி குறைவு, அதால அதுல தொடங்குங்க. மூட்டைக்கு பதிலா பிளாஸ்டிக் கூடை, தரம் பிரிக்க ஒரு கூரை, ஒரு குளிர் அறை, காய வைக்கிற மெசின் ஒன்னு. சூப் பக்கெட், நூடில்ஸ் செய்ற கொம்பனிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் காஞ்ச கரட், லீக்ஸ் வேணும். வாங்குறவர மொதல்ல பிடிச்சுட்டு மெசின அப்புறம் வாங்குங்க, மெசின வாங்கி வச்சுட்டு ஆள் தேடாதீங்க.

கொட்டகலை, ஒரு அம்மா:
என் மகள் கொழும்புல கார்மண்ட் வேலை, போர்டிங்ல இருக்கிறா. இங்க பெக்டரி வந்தா திரும்பி வருவாளா? சம்பளம் அங்க மாதிரி குடுப்பாங்களா?

பதில்:
அம்மா, உண்மையைச் சொல்றேன், மலையில ஆள் மலிவுன்னு நினைச்சு வாற முதலாளி ஏமாந்து போவார், அவர் ஏமாறுறது நல்லதுதான். தேசிய குறைந்தபட்ச சம்பளம் 2025 ஏப்ரல்ல 27,000 ரூபாய், 2026 ஜனவரியில இருந்து 30,000. தோட்டத்துல நாட்சம்பளம் 2021-ல 1,000 ரூபாய், 2024-ல 1,350, அதுக்கு அப்புறம் 2026 வரவு செலவுத் திட்டத்துல 1,750 ஆக்குறதா அறிவிச்சாங்க. தோட்டத்துல பேர் போடுற (நாட்கூலி) வேலைக்கே புள்ளைங்க வர மாட்டேங்கிறப்போ அதே அளவு சம்பளத்துக்கு ஒரு பெக்டரியில போய் நிக்க மாட்டாங்க.

ஆனா உங்க மகளோட கணக்கையும் பாருங்க. போர்டிங் வாடகை, சாப்பாடு, தைப்பொங்கல், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து போற பஸ் காசு எல்லாம் கழிச்சு கையில என்ன மிஞ்சுது? அங்க 45,000 எடுத்து 20,000 மிஞ்சுறவளுக்கு வீட்டுல இருந்து போய் வர 35,000 கிடைச்சா அது கூட. அத விட முக்கியம், வீட்டு வாசலுக்கு பக்கத்துல பெக்டரி பஸ் வரணும், ராத்திரி ஷிப்ட்டுக்கு பாதுகாப்பு வேணும், சூப்பர்வைசர் மரியாதையாப் பேசணும், நம்ம பாஷையில பேசணும். வேலை குடுக்கிறவர் 12 வீதம் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), 3 வீதம் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டுறாரான்னு மகள ஒவ்வொரு வருசமும் பார்க்கச் சொல்லுங்க, அங்க இருந்தாலும் சரி இங்க வந்தாலும் சரி.

நுவரெலியா, ஹோட்டல் ஊழியர்:
தித்வா புயலுக்குப் பிறகும் மலையில் தொழிற்சாலை கட்டுவது பற்றிப் பேசலாமா?

பதில்:
பேசணும், ஆனா வேற மாதிரி. 2014 ஒக்டோபர்ல மீரியபெத்த மண்சரிவப் பாத்தோம், 2025 நவம்பர்ல தித்வா நாடு முழுக்க 600 பேருக்கு மேல கொண்டு போச்சு, அதுல நம்ம மாவட்டங்கள்லதான் இழப்பு ரொம்ப, ரயில் பாதையும் எத்தனையோ எடத்துல அறுந்து தொங்குச்சு. இனிமே புதுசா மலைய வெட்டி பெக்டரி கட்டுறேன்னு யாராவது வந்தா, வேலை தாறார்னு சந்தோசப்படுறதுக்கு முன்னாடி அந்த வெட்டுக்கு கீழ எத்தன லயம் (தோட்டத்து வரிசை வீடு) இருக்குன்னு எண்ணணும். அதனாலதான் ஏற்கனவே நிக்கிற கட்டடத்தப் பாருங்கன்னு நான் சொல்றேன், அது கடைசிக் கேள்வியில வருது.

பதுளை, பல்கலைக்கழக மாணவர்:
ஐடி வேலைக்கு ரோட்டும் வேணாம் கொன்டெய்னரும் வேணாமே அண்ணே?

பதில்:
சரியா சொன்னீங்க. நல்ல பைபர் லைன், கரண்ட் போனா தாங்குற பெட்டரி, ஆங்கிலம் தெரிஞ்ச இருபது பேர் போதும். முட்டுக்கட்டை ஆங்கிலத்துலயும், ஏஎல்ல கணிதம் விஞ்ஞானம் படிக்க வசதியுள்ள ஸ்கூல் நம்ம பக்கம் குறைவா இருக்கிறதுலயும் இருக்கு. அதுக்கு மருந்து பெக்டரிக் கட்டடத்துல இல்ல, ஸ்கூல்ல இருக்கு, தனியா ஒரு இதழ் எழுதுறேன்.

நுவரெலியா மாவட்டம், பிரதேச சபை உறுப்பினர்:
2025 மே தேர்தலில் முதல் தடவையாக வந்திருக்கிறேன். சபையிடம் காசு இல்லை, அதிகாரம் குறைவு. உண்மையிலேயே எங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்:
வாழ்த்துகள். நுவரெலியா, அம்பகமுவ ரெண்டு சபையா கிடந்தத 2018-ல ஆறாப் பிரிச்சதால நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைக்கு சொந்தமா சபை கிடைச்சுது, 33-ஆம் பிரிவும் அந்த வருசந்தான் திருந்துச்சு, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு இல்லாத வசதி இது.

காசில்லாம செய்யக்கூடிய மொத வேலை ஒரு கொப்பி போடுறது. உங்க எல்லைக்குள்ள மூடிக் கிடக்கிற தேயிலை பெக்டரி, ஸ்டோர், பழைய கட்டடம் எத்தன, ஒவ்வொன்னுக்கும் தரை எத்தன சதுர அடி, மூனு பேஸ் கரண்ட் இன்னும் இருக்கா, லொறி வாசல் வரைக்கும் போகுமா, தண்ணி எங்க இருந்து, காணி எந்தக் கொம்பனி குத்தகையில, மண்சரிவு வரைபடத்துல எந்த நிறத்துல விழுது. வெள்ளைக்காரன் பெக்டரி கட்டுறப்போ இருந்ததுல நல்ல தரையாப் பாத்துத்தான் கட்டுனான், ரோட்டும் கரண்டும் அதத் தேடித்தான் போச்சு. கந்தப்பளையில அப்படி ஒரு பழைய பெக்டரிய ஹோட்டலாவே மாத்தி எத்தனையோ வருசமா நடத்துறாங்க. ஹோட்டலாத்தான் ஆகணும்னு இல்ல, கீழ்த் தட்டுல காய வைக்கிற மெசின், தரம் பிரிக்கிறது, மேல் மாடியில பக்கெட் பண்றது. ஒன்னு கவனம், பல பெக்டரியில மேல் மாடி பலகைத் தரை, கொழுந்து பரப்பக் கட்டுனது, பாரமான மெசின மேல ஏத்தாதீங்க, இஞ்சினியர் ஒருத்தர வச்சு தூணப் பாக்காம ஒரு ஆணி கூட அடிக்காதீங்க.

ரெண்டாவது, அந்தக் கொப்பிய வச்சுக்கிட்டு பெருந்தோட்ட அமைச்சுக்கிட்டயும் கொம்பனிகிட்டயும் போய், முழுத் தோட்டத்தையும் கேக்காம, மூடிக் கிடக்கிற ஒரே ஒரு கட்டடத்தையும் அதச் சுத்தி அரை ஏக்கரையும் மட்டும் உப குத்தகைக்கு கேளுங்க. பெரிய கோரிக்கை பைலுக்குள்ள தூங்கும், சின்னக் கோரிக்கைக்கு மறுப்பு சொல்றது அவங்களுக்கும் கஷ்டம். எடுக்கிற எடத்துல கூட்டுறவுச் சங்கம் ஒன்னு இருந்தா நல்லது, லயத்துப் பொம்பளைங்களையும் வெலிமடை ஐயா மாதிரி ஆளுங்களையும் ஒரே சங்கத்துல உக்கார வைங்க. ஹட்டன்ல தொண்டமான் பேர்ல இருக்கிற தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் போய், மெசின் ரிப்பேர், குளிர் அறை பராமரிப்பு, உணவு சுகாதாரம் இதுக்கெல்லாம் என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழோட பாடம் நடத்த முடியுமான்னு பேசுங்க. பெக்டரி தொடங்குறதுக்கு ஒரு வருசம் முன்னாடியே பேசணும், தொடங்குன அன்னைக்கு ஆள் தேடுனா வெளியூர்ல இருந்துதான் வருவாங்க.

சபை வரி, கட்டட அனுமதி, குப்பை எடுக்கிறது இதெல்லாம் உங்க கையில. தொழில் தொடங்க வாறவர் ஏறி எறங்குற மேசைய குறைங்க, ஒரே ஒரு ஆளப் பொறுப்பாப் போட்டு அவர் போன் நம்பர சபை வாசல்ல எழுதி வைங்க, தமிழ்லயும் சிங்களத்துலயும். அந்தக் கொப்பிய எழுதி முடிச்சதும் ஒரு பிரதி எங்களுக்கு அனுப்புங்க, கட்டடம் கட்டடமா விபரத்தோட இதே பக்கத்துல போடுறோம், மத்த ஐந்து சபையில இருந்து யார் அனுப்புனாலும் சேர்த்துப் போடுவோம்.